பூட்டுவதற்கு முன் நிற்கப் பழக்குங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் இரண்டு, வண்டி பற்றியவை. மாட்டு வண்டி அல்ல. ஒன்று மட்டக்குதிரை வண்டி, இன்னொன்று ஆட்டு வண்டி. இரண்டையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்; ஏனென்றால் பழக்கும் முறை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதல் கடிதம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. 2 ஏக்கரில் தக்காளி, அவரை போடுகிறார். தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு 1 கி.மீ. பாதை குறுகல், மினி டெம்போ உள்ளே வராது. பறித்த காய் எல்லாம் தலைச்சுமையாகத்தான் வெளியே வருகிறது. கூலி கட்டுப்படியாகவில்லை. தெரிந்தவர் ஒருவர் ஒன்றரை வயது மட்டக்குதிரையை மலிவாகத் தருகிறேன் என்கிறாராம். "மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கலாமா? எத்தனை நாளில் வண்டிக்குப் பழகும்?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார். வீட்டில் 8 மாதக் கிடா ஒன்று. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் பால் புட்டி கொடுத்து வளர்த்தது. வியாபாரி விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மகளோ, "விற்காதீர்கள் அப்பா, வண்டி இழுக்கப் பழக்கி அரை கி.மீ. தள்ளியிருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறேன்" என்கிறாள். 4 வயதுத் தம்பி, அந்த வண்டியில் ஏறி உட்காருவேன் என்கிறான். "இது நடக்கிற காரியமா? விற்பதா, வைத்துக்கொள்வதா?" என்பது அவர் கேள்வி.

இரண்டு வீட்டுக்கும் முடிவு சொல்வதற்கு முன், பழக்குவது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

வயதைப் பல்லில் பாருங்கள்

விற்பவர் சொல்லும் வயதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வாயைத் திறந்து பாருங்கள்.

வெள்ளாட்டுக்குக் கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள். ஒரு வயது முதல் ஒன்றரை வயதுக்குள் நடுப் பால்பல் இரண்டும் விழுந்து பெரிய பல் முளைக்கும். ஏறக்குறைய 2 வயதில் நாலு பல், 3 வயதில் ஆறு பல், 4 வயதில் எட்டுப் பல். நாலு பல் போட்ட பிறகு வெறும் வண்டி பூட்டலாம். பாரம் ஏற்றுவதற்கு ஆறு பல் ஆகட்டும்.

குதிரைக்குக் கீழ்த்தாடையில் ஆறு முன்பற்கள். நடு இரண்டும் இரண்டரை வயதில் மாறும். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பற்கள் நாலரையில். 3 வயதுக்கு முன் எதையும் இழுக்க வைக்கக் கூடாது. 3 வயதில் வெறும் வண்டி, 4 வயதுக்கு மேல் முழு வேலை.

ஏன் இத்தனை காத்திருப்பு? வளரும் கால் எலும்பின் நுனிகள் அதுவரை குருத்தாகவே இருக்கும். அந்த வயதில் பாரம் இழுத்தால் மூட்டு கெடும். கெட்ட மூட்டு பிறகு சரியாகாது. வாழ்நாள் முழுக்க நொண்டும்.

ஆனால் கயிறு பிடித்து நடத்துவது, நிற்கச் சொல்வது, குளம்பைத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் குட்டியிலேயே தொடங்கலாம். பால் மறந்த குட்டிக்கு 3 மாதத்திலேயே முகக்கயிறு போட்டுப் பழக்கலாம். பாரம் இல்லாத பழக்கத்துக்கு வயது தடையில்லை.

நுகத்தடி மாட்டுக்குத்தான்

பலரும் செய்யும் தவறு, மாட்டு நுகத்தடியைச் சிறிதாகச் செய்து ஆட்டின் கழுத்தில் வைப்பது. நம் நாட்டு மாட்டுக்குத் திமில் இருக்கிறது. நுகத்தடி திமிலில் முட்டி நிற்கும். மாடு அதைத் தள்ளி நடக்கும். ஆட்டுக்கும் குதிரைக்கும் திமில் ஏது? நுகத்தடி கழுத்தில் வழுக்கும், பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும்.

இவை இரண்டும் மார்பால் தள்ளும் விலங்குகள். மார்புக்குக் குறுக்கே அகலமான பட்டை வேண்டும். ஆட்டுக்கு இரண்டு அங்குல அகலம், மட்டக்குதிரைக்கு நாலு அங்குலம். பழைய சீட் பெல்ட் நாடா, உள்ளே தைத்த சாக்கு அல்லது கம்பளித் துணி போதும். பட்டை எங்கே படுகிறது என்பதுதான் முக்கியம். மூச்சுக்குழாய்க்குக் கீழே, தோள்மூட்டு முனைக்கு மேலே. மேலே ஏறினால் மூச்சு முட்டும்; கீழே இறங்கினால் முன்னங்கால் எட்டு வைக்க முடியாது.

பட்டை நழுவாமல் இருக்க முதுகில் ஒரு பட்டை, வயிற்றின் கீழே ஒரு வார். நாலாவதாகப் பலர் விட்டுவிடும் ஒன்று: பின்பட்டை. பின்தொடையைச் சுற்றி வரும் இந்தப் பட்டைதான், சரிவில் இறங்கும்போது வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். அது இல்லாவிட்டால் வண்டி முன்னே ஓடிவந்து பின்னங்காலில் இடிக்கும். ஒருமுறை இடி வாங்கிய குதிரை அடுத்த முறை வண்டியைக் கண்டாலே உதைக்கும்.

குதிரைக்கு வாயில் மழுங்கலான கடிவாளம் போதும். ஆட்டுக்குக் கடிவாளமும் வேண்டாம், மூக்குக் குத்தவும் வேண்டாம். முகக்கயிற்றின் இரு பக்கமும் ஒவ்வொரு வார் கட்டினால் போதும். கொம்பில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது.

பழக்கும் படிகள்

ஒரு நாளைக்கு ஆட்டுக்கு 10 நிமிடம், குதிரைக்கு 20 நிமிடம். வாரம் 5 நாள். வெயிலுக்கு முன் காலை நேரம் நல்லது. ஒரு படி தேறாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

1. நிற்பது. கயிறு தளர்ந்த நிலையில், நீங்கள் "நில்" என்றதும் நிற்க வேண்டும். பிறகு சுற்றி நடந்து வாருங்கள், வயிற்றைத் தொடுங்கள், வாலடியைத் தொடுங்கள். அசையாமல் 2 நிமிடம் நின்றால் ஒரு கைப்பிடி கொள்ளோ, ஒரு முருங்கைக் கொத்தோ கொடுங்கள். நிற்கத் தெரியாத விலங்கை எந்த வண்டியிலும் பூட்டக் கூடாது. இழுப்பதை எந்த விலங்கும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஆபத்தில் உங்களைக் காப்பாற்றுவது அது நிற்பதுதான்.

2. சொல். "நட", "நில்", வலம், இடம், பின்னே. உங்கள் ஊரில் மாட்டுக்குச் சொல்லும் சொற்களே போதும். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "ஹோ" என்பதும் மகள் "நில்" என்பதுமாக இருந்தால் ஆடு யாருக்கும் நிற்காது.

3. பின்னாலிருந்து ஓட்டுவது. இதுவரை முன்னால் கயிறு பிடித்தீர்கள். இனி நீண்ட வாரைப் பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டுங்கள். குதிரைக்குப் பின்னால் நடக்கும்போது உதை எட்டாத தூரம் விடுங்கள். தொடக்கத்தில் இன்னொருவர் தலைப்பக்கம் நடக்கட்டும்.

4. பட்டைகள். வண்டி இல்லாமல் பட்டைகளை மட்டும் மாட்டி ஒரு வாரம் நடத்துங்கள். கழற்றிய பிறகு முடி உரசிய இடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

5. சத்தம். பின்னால் ஏதோ துரத்தி வருகிறது என்ற பயம்தான் விலங்கு மிரண்டு ஓடக் காரணம். ஆகவே முதலில் இன்னொருவர் ஒரு காலிக் கேனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு நடக்கட்டும். பிறகு பின்னால். பிறகு ஒரு பனைமட்டையை நீண்ட கயிற்றில் விலங்கே இழுக்கட்டும். மிரண்டால் கையிலிருந்து உடனே விட்டுவிடும்படி கயிற்றை நீங்கள் பிடித்திருங்கள். பட்டையில் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.

6. வெறும் வண்டி. முதலில் ஆள் இழுக்கும் வண்டிக்குப் பக்கத்தில் விலங்கை நடத்துங்கள். அடுத்து இரண்டு பேர் ஏர்க்கால்களைத் தூக்கிப் பிடித்தபடி, விலங்குக்கு இரு பக்கமும் பூட்டாமலே நடங்கள். அதற்குப் பிறகுதான் பூட்டுவது. வளைவுகளில் ஏர்க்கால் விலாவில் படும். அது பழகச் சில நாள் ஆகும்.

7. பாரம். முதல் வாரம் ஒரு மூட்டை மணல் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

8. சாலை. பேருந்து, நாய், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் வண்டி இல்லாமல் முதலில் காட்டிப் பழக்கிய பிறகே பூட்டிக்கொண்டு தார்ச்சாலைக்குப் போக வேண்டும்.

இதற்கு எத்தனை நாள்? அமைதியான ஆட்டுக்கும், வயது வந்த குதிரைக்கும் இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் பழக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அடித்துத்தான் அந்த வேகத்தில் பழக்க முடியும்.

அவிழ்க்கும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது. வண்டியிலிருந்து விலங்கை முழுவதும் வெளியே கொண்டுவந்த பிறகுதான் கடிவாளத்தையோ முகக்கயிற்றையோ கழற்ற வேண்டும். தலையை முதலில் அவிழ்த்துவிட்டால், வண்டியோடு ஓடும் விலங்கைப் பிடிக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அதேபோல வண்டி பூட்டியபடியே மரத்தில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

எவ்வளவு பாரம்?

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பழைய பேப்பர் கடையில் இருக்கும் தொங்கவிடும் ஸ்பிரிங் தராசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிய வண்டியில் அதன் கொக்கியை மாட்டி, நடக்கும் வேகத்தில் கையால் இழுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தராசு காட்டும் அளவு, விலங்கின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 40 கிலோ கிடாவுக்கு 4 கிலோ. 200 கிலோ மட்டக்குதிரைக்கு 20 கிலோ.

இந்தச் சோதனையை உங்கள் பாதையிலேயே செய்யுங்கள். தார்ச்சாலையில் சுலபமாக உருளும் வண்டி, மணலிலும் சேற்றிலும் பல மடங்கு கனக்கும். கணக்குக்கு ஒரு அளவு வேண்டுமானால், இறுகிய மண்பாதையில் வண்டியும் பாரமும் சேர்த்து ஆட்டுக்கு அதன் உடல் எடை அளவு, மட்டக்குதிரைக்கு உடல் எடையைப் போல ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் வேண்டாம்.

முன்பாரம், பின்பாரம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏர்க்காலைத் தூக்கினால் ஒரு கையில் நிற்கும் அளவு லேசான முன்பாரம் இருக்கட்டும்.

சட்டமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், வண்டி இழுக்கும் விலங்குகளுக்காக 1965இல் விதிகள் வந்தன. மட்டக்குதிரை பூட்டிய இரு சக்கர வண்டிக்கு, காற்றடைத்த டயர் இருந்தால் 600 கிலோ, இல்லாவிட்டால் 400 கிலோ உச்ச வரம்பு. இது உச்ச வரம்புதான். சின்ன உடம்பு மட்டத்துக்கு இவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பொருள் அல்ல. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை பூட்டக் கூடாது. முள் வைத்த குச்சி, முள் கடிவாளம் கூடாது. ஆட்டுக்கு அந்த விதிகளில் தனி எடை இல்லை. ஆனால் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும், தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவதும் எந்த விலங்காக இருந்தாலும் குற்றம்.

ஒட்டன்சத்திரம் சகோதரிக்கு

அம்மா, அந்தக் குதிரைக்காகக் கடன் வாங்காதீர்கள்.

ஒன்றரை வயதுக் குட்டி வெறும் வண்டி இழுக்கவே இன்னும் ஒன்றரை வருடம். 200 கிலோ மட்டத்துக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் 4 முதல் 5 கிலோ தீவனம் வேண்டும். 5 கிலோ என்றே வைத்தால் ஒன்றரை வருடத்தில் 2,700 கிலோவுக்கு மேல். அதுவரை ஒரு பெட்டி தக்காளிகூட அது சுமக்காது. ஆனால் கடன் தவணை முதல் மாதமே தொடங்கிவிடும். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே இதுதான்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 5 முதல் 10 வயதுக்குள், ஏற்கெனவே வண்டியில் பழகியதாகப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மறுநாளே வேலை செய்யும். விற்பவரையே பூட்டச் சொல்லுங்கள், ஓட்டச் சொல்லுங்கள், சாலையில் நிறுத்தச் சொல்லுங்கள். நிற்காத குதிரை வேண்டாம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குக் குதிரைகள் நிறைய வரும். அங்கே நாலைந்தை ஒப்பிட்டுப் பார்த்தால் கண் தெளியும். வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கில் சளியும் தோலில் கட்டிகளும் உள்ள குதிரையைத் தொடவே வேண்டாம். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் வரும்.

அதற்கும் முன்னால், நாட்காட்டியை எடுத்து, சென்ற வருடம் எத்தனை நாள் காய் பறித்தீர்கள் என்று எண்ணுங்கள். 100 நாள் வேலைக்காக 365 நாள் தீவனம் போட வேண்டியிருக்கும். ஒரு நடைக்கு 25 கிலோ பெட்டி 8, வண்டி எடை 100 கிலோ என்றால் மொத்தம் 300 கிலோ. நல்ல மட்டம் ஒன்றுக்கு இது சரியான பாரம். அதே பாதையில் இன்னும் மூன்று நாலு தோட்டக்காரர்கள் இருந்தால், அவர்கள் காயையும் கூலிக்கு ஏற்றலாம். அப்போதுதான் கணக்கு கட்டும். உங்கள் ஒரு தோட்டத்துக்கு மட்டும் என்றால் கட்டாது.

இன்னொரு வழியையும் பாருங்கள். எல்லோரும் பயன்படுத்தும் வண்டிப்பாதை என்றால், அதை அகலப்படுத்தக் கேட்டு, அந்தத் தோட்டக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கிராம சபையில் மனு கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாதை வந்துவிட்டால் குதிரையே தேவைப்படாது.

விளாத்திகுளம் தகப்பனாருக்கு

ஐயா, நடக்கிற காரியம்தான். ஆனால் இப்போதே இல்லை.

8 மாதக் கிடாவுக்கு இன்னும் ஒரு பல்கூட விழுந்திருக்காது. பாரம் இழுக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். பணக் கணக்கு மட்டும் பார்த்தால், முதல் வருடத்துக்குப் பிறகு கிடாவின் வளர்ச்சி குறையும். தீவனச் செலவு குறையாது. விற்க வேண்டும் என்றால் ஒரு வயதுக்குள் விற்பதுதான் லாபம். இதை நான் மறைக்கவில்லை.

வைத்துக்கொள்வதாக இருந்தால், காயடித்துவிடுங்கள். காயடிக்காத கிடா பருவத்தில் முரடாகும்; பெட்டையைக் கண்டால் வண்டியோடு போகும். கால்நடை மருந்தகத்தில் ரத்தமில்லாமல் கிடுக்கி போட்டுச் செய்வார்கள். காயடித்த கிடாவுக்கு ஒரு ஆபத்து உண்டு: சிறுநீர்க் குழாயில் கல் அடைப்பு. தவிட்டிலும் தானியத்திலும் மணிச்சத்து அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. அதை அதிகம் கொடுத்தால் கல் சேரும். ஆகவே தழையும் புல்லும்தான் முக்கியத் தீவனம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், தாது உப்புக் கட்டி தொங்கட்டும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள்; மறுநாள் தாமதம். வர முடியாத இடமானால் கால்நடை அவசர ஊர்திக்கு 1962இல் அழைக்கலாம்.

பாப்பாவுக்கு இப்போதே வேலை இருக்கிறது. மேலே சொன்ன முதல் ஐந்து படிகளில் பனைமட்டை இழுப்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அவள் இந்த வருடமே பழக்கலாம். பிறகு மிதிவண்டிச் சக்கரம் போட்ட 15 கிலோ வண்டியில், 10 லிட்டர் கேன் இரண்டு. 40 கிலோ கிடாவுக்கு அது போதும். அவள் பக்கத்தில் நடந்து வர வேண்டும். தம்பியை வண்டியில் ஏற்றக் கூடாது. ஆடு மிரண்டால் 4 வயதுப் பிள்ளை விழுவான்; அவனுக்கு வார் பிடித்து நடக்கும் வேலை கொடுங்கள், அவன் சமாதானமாவான்.

பணம் இப்போது அவசரம் என்றால் விற்பதில் தவறில்லை. ஆனால் அவள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் விற்றுவிடாதீர்கள். வியாபாரி சொன்ன விலையையும், வீட்டுத் தேவையையும், இரண்டு வருடத் தீவனக் கணக்கையும் அவளிடம் எழுதிக் காட்டிப் பேசுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு புரியும்.

சிறு கேள்விகள்

கேள்வி: ஆடு நடுவழியில் படுத்துவிடுகிறது. பிடிவாதமா?

பதில்: பெரும்பாலும் களைப்பு, இல்லாவிட்டால் பட்டை உறுத்துகிறது. உடனே அவிழ்த்துப் பாருங்கள். மேய்ந்து வயிறு நிறைந்ததும் பூட்டாதீர்கள். அசைபோட நேரம் வேண்டும். தனியாக நடக்கப் பயப்படும் ஆட்டுக்கு இன்னொரு ஆட்டைக் கூட நடத்தினால் வரும். நீண்டுபோன குளம்பும் காரணமாக இருக்கலாம். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவிவிடுங்கள்.

கேள்வி: குதிரைக்கு மாட்டுத் தீவனமே போடலாமா?

பதில்: புல்லும் வைக்கோலும் சரி. ஆனால் குதிரை அசைபோடுவதில்லை, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஒரே நேரத்தில் நிறையத் தானியம் தின்றால் வயிற்றுவலி கண்டு புரளும், உயிரே போகலாம். ஊறவைத்த கொள்ளு அரைக் கிலோவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கோழித் தீவனத்தை எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் சேர்க்கும் சில மருந்துகள் குதிரையைக் கொன்றுவிடும்.

கேள்வி: குதிரைக்குத் தடுப்பூசி அவசியமா?

பதில்: ரணஜன்னி தடுப்பூசி கட்டாயம். லாட ஆணி குத்திய சிறு புண்ணே போதும், அந்த நோய் வர. குதிரையோடு வேலை செய்யும் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவார்கள்.

உங்கள் ஊரில் ஆட்டையோ மட்டக்குதிரையையோ பழக்கி வண்டி ஓட்டுகிறவர்கள் இருந்தால், எந்த வயதில் பூட்டினீர்கள், என்ன பாரம் ஏற்றுகிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் மற்றவர்களுக்கும் பயன்படும்.